வேஷத்தில் போன விடுமுறை

பிரேயஸ்
20 நவம்பர் 1981

அன்புள்ள மரூசா அண்ணிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீங்களும் உங்கள் கோழிகளும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஒரு வேடிக்கை. பிஸ்கட் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று டப்பா அடைக்கிற வசிலிகியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, அவள் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்தாள். கூட்டமில்லாத காலத்தில் தீவுக்குப் போவதுதான் கெட்டிக்காரத்தனமாம். அறை பாதி விலைக்குக் கிடைக்குமாம், கடல் முழுக்க நமக்கேயாம். பிப்ரவரிக் கடைசியில் நோன்பு தொடங்கும் திங்கள் விடுமுறையோடு ஒட்டி, நான்கு நாள் போய் வரலாம் என்கிறாள். எந்தத் தீவு என்றேன்.

"உன் ஊருக்கே போலாமே. தெரிஞ்ச மனுஷங்க இருப்பாங்க, பழைய மீனைத் தலையில கட்ட மாட்டாங்க" என்றாள்.

அப்புறம்தான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு இது பழைய கதை. அப்பாவுக்கு முடியவில்லை என்ற தந்தி எனக்குச் செவ்வாய் மத்தியானம்தான் வந்தது. காலைக் கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பல் வெள்ளி. நான் வந்து இறங்கியபோது அப்பாவை மண்ணுக்குள் வைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. "எனக்காக ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா?" என்று வாசலில் நின்று கத்தினேன். "இனி இந்த வாசப்படியில உன் கால் படக்கூடாது" என்று லூகாஸ் அண்ணன் கத்தினான். நான் சும்மா விட்டேனா? "நீயே கையப் பிடிச்சு இழுத்தாலும் படாது" என்றேன். ஊரே பார்த்தது. ஆறு வருடம் ஆகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வசிலிகி, "அப்ப வாசப்படி மட்டும்தானே கூடாது? கடற்கரை அவர் பேர்லயா இருக்கு?" என்கிறாள்.

சும்மாதான் கேட்கிறேன். துறையில் ரினியோ கிழவி அறை விடுவாளே, குளிர்காலத்தில் திறப்பாளா? மலைமேல் ஊருக்குள், கோராவுக்கு ஏற மாட்டேன். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
அனெசா


செரிஃபோஸ்
9 டிசம்பர் 1981

அன்பு நாத்தனாரே,

உன் கடிதம் பத்து நாள் பிரேயஸிலேயே கிடந்திருக்கிறது. காற்று எட்டாம் எண், ஒன்பதாம் எண் வேகத்தில் அடித்து இரண்டு கப்பல் வரவில்லை. ஊரில் உருளைக்கிழங்கு இல்லை, சிகரெட் இல்லை, ஆண்கள் எல்லாரும் பேயடித்தவர்கள் மாதிரி திரிந்தார்கள். மற்றபடி நான் நலம். கோழிகள் முட்டையிடாமல் வேலைநிறுத்தம் செய்கின்றன.

ரினியோவிடம் பேசிவிட்டேன். அடுப்புக்கு மண்ணெண்ணெயும் இரண்டு கிலோ சர்க்கரையும் கொண்டுவந்தால் ஓர் அறையைத் திறப்பாளாம். "யாரு வர்றது?" என்றாள். "ஏதென்ஸ்காரிங்க ரெண்டு பேரு" என்றேன். "ஆமாமா, ஏதென்ஸ்காரிங்க" என்று தலையை ஆட்டினாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல் இருக்கிறது. வருகிற ஒவ்வொரு கப்பலுக்கும் கயிறு வாங்கிக் கட்டுகிறவர் உன் அண்ணன். நீ இறங்கினால் நேராக அவர் மடியில்தான் இறங்க வேண்டும்.

இன்னொன்று. நீ வருகிற ஞாயிறு என்ன ஞாயிறு என்று பார்த்தாயா? நோன்புக்கு முந்தைய ஞாயிறு, ஊரே வேஷம் கட்டுகிற நாள். அன்றைக்கு இந்த ஊரில் எந்த வாசற்படியில் யார் கால் பட்டது என்று எவர் கேட்கிறார்? இதற்குமேல் நான் ஒன்றும் எழுதவில்லை. நான் கணவன் சொல்லைத் தட்டாதவள்.

முழங்காலுக்கு ராக்கிச் சாராயம் போட்டுத் தேய். மிச்சத்தைக் குடி.

மரூசா


பிரேயஸ்
28 டிசம்பர் 1981

அன்புள்ள அண்ணிக்கு,

பண்டிகை நாளில் உங்களையும் வீட்டையும் நினைத்துக்கொண்டேன். இங்கே நான் நலம், உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தூக்கம் மட்டும் இல்லை.

முதலில் முடியவே முடியாது என்றேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுகூட எடுத்தேன். வசிலிகி பிடுங்கிப் படித்துவிட்டு, இந்த வேஷத்துக்கு என்ன சட்டம் என்று கேட்டாள். விளக்கினேன். வேஷக்காரர்கள் வந்தால் வீட்டுக்காரன் கதவை மூடக் கூடாது, ஊற்றிக் கொடுக்க வேண்டும். வேஷக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரன் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்ற வேண்டும். தப்பாகச் சொன்னால் கழற்றாமலே போய்விடலாம். வசிலிகி மேசையைத் தட்டிச் சிரித்தாள். "உங்க ஊர்ல சண்டைக்காரங்களுக்குன்னே யாரோ யோசிச்சு வச்சிருக்காங்க" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு, எனக்குப் பயம். அவன் என் பெயரைச் சொல்லிவிட்டால்? முகமூடியைக் கழற்றியாக வேண்டும். பிறகு அவன் என்னை உட்கார வைப்பானோ, ஊர் முன்னால் கதவைக் காட்டுவானோ. இன்னொரு முறை அந்தப் படியை அழுதுகொண்டு இறங்க என்னால் முடியாது அண்ணி. ஆனாலும் ஆசையாக இருக்கிறது. நான் பிறந்த வீட்டின் முன்னறையில் கால் மணி நேரம் உட்கார வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அது போதும்.

என்ன வேஷம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அனெசா


செரிஃபோஸ்
19 ஜனவரி 1982

அன்பு அனெசா,

புத்தாண்டு நல்லபடியாகப் பிறந்தது. எனக்கு ஒரு பல் ஆடுகிறது, பொருட்படுத்தவில்லை. நீ பயந்துகொண்டே சாப்பிடாமல் இருக்காதே, இளைத்துப்போனால் வேஷம் நிற்காது.

இடையன் வேஷம்தான் உனக்கு. உன் உயரத்துக்கும் தோளுக்கும் வேறு எதுவும் பொருந்தாது, நீ உன் அப்பாவை உரித்து வைத்தவள். கம்பளிப் போர்வை, இடுப்பைச் சுற்றி ஆட்டு மணிகள், முகத்துக்குக் கண் மட்டும் வெட்டிய ஆட்டுத்தோல். எல்லாவற்றையும் கோழிக்கூண்டுக்கு மேல் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் வாடை இருக்கும். இடையனுக்கு வாடை இல்லாமலா?

துறையில் இப்படிச் செய். கப்பலின் முன்கயிறு உன் அண்ணனுக்கு, பின்கயிறு அவருடைய கூட்டாளி ஸ்டமாட்டிஸுக்கு. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றானே, அந்தப் பனைமரம்தான். நீ மளிகை லாரி இறங்கும்போது அதன் மறைவிலேயே நடந்து வந்துவிடு. கறுப்பு முக்காடு போட்டுக்கொள். குனிந்து நட, உன் வழக்கம்போல் ராணுவ நடை வேண்டாம்.

வசிலிகிக்கு என் வேலைப்பாடுள்ள பழைய திரைச்சீலை இருக்கிறது. மணப்பெண் ஆக்கிவிடலாம்.

உன் அண்ணன் சுகம். நீ கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

மரூசா


பிரேயஸ்
6 பிப்ரவரி 1982

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பல் எப்படி இருக்கிறது? தள்ளிப் போடாமல் பிடுங்கிவிடுங்கள். நான் நலம். முழங்கால் புதுப் பயிற்சியால் வீங்கியிருக்கிறது.

பயிற்சி என்றால் ஆம்பளை நடை. சாப்பாட்டு இடைவேளையில் மாவு மூட்டைக் கிடங்கில் நான் நடக்க, வசிலிகி மூட்டை மேல் உட்கார்ந்து திருத்துவாள். "இடுப்பை வீட்டுல வச்சிட்டு வா", "உனக்கு யாரோ பாக்கி தரணும்ங்கிற மாதிரி நட" என்பாள். நேற்று மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "கால்ல அடியா?" என்று கேட்டுவிட்டு எனக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்தார்.

வசிலிகி நீச்சல் உடை வாங்கிவிட்டாள். மஞ்சள் நிறம். மத்தியதரைக் கடல் தீவுகளில் குளிர்காலம் இதமாக இருக்கும் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கறுப்புக் கண்ணாடியும் வாங்கியிருக்கிறாள்.

டிக்கெட் எடுத்துவிட்டோம். வெள்ளி 26 வருகிறோம், செவ்வாய் திரும்புகிறோம். காற்று மட்டும் நம் பக்கம் இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன், இரண்டு.

அனெசா


செரிஃபோஸ்
18 பிப்ரவரி 1982

அன்பு அனெசா,

இன்று கறி வாட்டும் வியாழன். ஊர் முழுக்கப் புகை, பூனைகள் எல்லாம் பைத்தியம் பிடித்துத் திரிகின்றன. நான் நலம், பல் போய்விட்டது, சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் தயார். ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. உன் அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். ஈஸ்டருக்கு அடிப்பதை யாராவது பிப்ரவரியில் அடிப்பார்களா? கேட்டேன். "ஈரம் பிடிச்சிருக்கு" என்றார். வாசலில் மூன்று படிக்கும் இரண்டு பூச்சு. முன்னறையில் ஆட்டம் கண்டிருந்த பலகையைக்கூட ஆணி அடித்து இறுக்கிவிட்டார். நான் ஐந்து வருடமாகச் சொல்லி நடக்காத வேலை அது. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்கிறாள். எங்களுக்கு ஏது பெண்.

நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம்.

பத்திரமாக வந்து சேர். மண்ணெண்ணெயை மறக்காதே.

மரூசா


பிரேயஸ்
5 மார்ச் 1982

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். வசிலிகிக்கு ஜலதோஷம். சனிக்கிழமை மஞ்சள் உடையோடு கணுக்கால் வரை இறங்கினாள், அலறல் கேட்டு ரினியோ கரண்டியோடு ஓடி வந்தாள். இருந்தாலும் என் வாழ்க்கையிலேயே நல்ல விடுமுறை என்கிறாள். உங்கள் தபால் ஆபீஸ்காரர் அவளை மணப்பெண் வேஷம் கட்டிய ஆம்பளை என்று நினைத்து மூன்று சுற்று ஆடினார். கடைசியில் அவள் கையைப் பார்த்துவிட்டு ஓடியே போய்விட்டார்.

நீங்கள் அடுப்படியில் பாற்கட்டிப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தீர்கள். அதன் பிறகு உங்களைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் முன்னறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எழுதியே ஆக வேண்டும்.

படியேறும்போது என் நடுக்கத்தில் மணிகள் தானாகவே கிணுகிணுத்தன. உள்ளே எட்டுப் பேர் வேஷக்காரர்கள் நின்றோம். அண்ணன் தலை நரைத்துவிட்டது அண்ணி, நீங்கள் எழுதவே இல்லையே. ஒவ்வொருவராகப் பார்த்துப் பெயர் சொன்னான். ரொட்டிக்கடைக்காரர், வாத்தியார், எல்லாம் சரியாகச் சொன்னான். அவர்கள் முகமூடியைக் கழற்றிக் குடித்தார்கள். வசிலிகியிடம், "இந்தப் பொண்ணு நம்ம ஊரு இல்ல" என்று விட்டுவிட்டான். அப்புறம் என் முன்னால் வந்து நின்றான். நான் இடுப்பு மணிகளைக் கையால் அமுக்கிக்கொண்டேன்.

"ஸ்டமாட்டிஸ்" என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன். "தலைய ஆட்டாதடா. இந்தத் தோள் ஊர்ல வேற யாருக்கு இருக்கு?" என்றான். அறையே சிரித்தது. பிழைத்தேன் என்று இருந்தது. அதற்குள் முற்றத்தில் வயலின் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் ஆடப் போய்விட்டார்கள். நானும் நழுவப் பார்த்தேன். என் கையைப் பிடித்து ஜன்னலோரப் பலகையில் உட்கார வைத்தான். ஒயின் ஊற்றினான். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினான்.

"ஸ்டமாட்டிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷமா தொண்டையில நிக்குது. அப்பா போன அன்னிக்கு, வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிருக்கலாம், குளிர்காலம்தானேன்னு பாதிரியார் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். அனெசா வந்து அப்பா மேல விழுந்து அழுதா நானும் ஒடஞ்சிடுவேன்னு பயந்தேன். ஊர் முன்னாடி அழுவுறதுக்கு வெக்கப்பட்டுத்தான் அவள ஏமாத்திட்டேன். அவ கேட்டது நியாயம். அவ நியாயமா கேட்டதாலதான் எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு."

அப்புறம் மறுபடி ஒயின் ஊற்றினான். நான் வாய் திறக்கக் கூடாதே. ஆட்டுத்தோலுக்குள் அழுதால் மூச்சு முட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான், வலிக்கிற முழங்காலில். "யார்கிட்டயும் சொல்லாத" என்றான்.

ஸ்டமாட்டிஸுக்குப் போக வேண்டியதை நான் திருடிக்கொண்டு வந்துவிட்டேன். இதை என்ன செய்வது அண்ணி? தெரிந்த மாதிரி நடக்கவும் முடியாது, தெரியாத மாதிரி இருக்கவும் முடியாது.

அனெசா


செரிஃபோஸ்
16 மார்ச் 1982

அன்பு அனெசா,

வசிலிகிக்குக் கஷாயம் வைத்துக் கொடு. நான் நலம். நோன்பில் பட்டாணியும் ஆலிவும் தின்று தின்று காற்றில் பறக்கிற மாதிரி இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்தது.

நீ ஒன்றையும் திருடவில்லை. ஸ்டமாட்டிஸ் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு சிரோஸ் தீவு ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தான். அவனைக் கைத்தாங்கலாகக் கப்பலில் ஏற்றிவிட்டு, அந்தக் கப்பலின் கயிற்றை அவிழ்த்துவிட்டவரே உன் அண்ணன்தான். நீ வந்த வெள்ளிக்கிழமை இரண்டு கயிற்றையும் அவர்தான் கட்டினார். லாரி மறைவில் நீ எவ்வளவு குனிந்து வந்தாய் என்பதையும் அவர்தான் பார்த்திருக்க வேண்டும்.

அறையில் இருந்த எல்லாருக்கும் ஸ்டமாட்டிஸ் எங்கே என்று தெரியும். அதனால்தான் சிரித்தார்கள். அப்புறம் அவர்களாகவே முற்றத்துக்குப் போய்விட்டார்கள். வயலின்காரனை யார் அந்த நேரத்தில் வாசிக்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள், அன்றைக்கு இந்த ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. நான் பணியாரம் பொரிக்கிறவள்.

மரூசா


பிரேயஸ்
22 மார்ச் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு நான்கு தாள் செலவாயிற்று.

ஸ்டமாட்டிஸிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே. அதற்குப் பதிலாக நானும் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை, அண்ணியிடம்கூட.

தந்தி எனக்குச் செவ்வாய் மத்தியானம் வரவில்லை. திங்கள் சாயங்காலமே வந்துவிட்டது. செவ்வாய்க் காலைக் கப்பலுக்கு ஓர் இரவு முழுக்க நேரம் இருந்தது. அப்பா அதற்கு முன் இரண்டு முறை சாகப்போகிறேன் என்று தந்தி அடிக்கச் சொல்லி, நான் அலறிக்கொண்டு வந்து இறங்கினால் துறையில் உட்கார்ந்து கணவாய் தின்றுகொண்டிருப்பார். "வந்துட்டியா, உக்காரு, சூடா இருக்கு" என்பார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று தந்தியை மடித்து வைத்துவிட்டுத் தூங்கினேன் அண்ணா. நன்றாகத் தூங்கினேன்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் தந்திக்காரன் மேல் பழி போட்டேன், உன் மேல் பழி போட்டேன். நீ ஒரு நாள் காத்திருக்கவில்லை என்பது உண்மை. நான் ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்பதும் உண்மை. நீ கதவைக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கயிறு இழுக்கும்போது இடுப்பில் பட்டை கட்டிக்கொள்.

அனெசா


செரிஃபோஸ்
8 ஏப்ரல் 1982

அன்பு அனெசா,

நாங்கள் நலம். நீ பதிலுக்குத் தவித்துக்கொண்டிருப்பாய் என்று எழுதுகிறேன். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் அவர் கோட்டுப் பையில் இருக்கிறது. துணி துவைக்கக் கோட்டைக் கேட்டால் தர மறுக்கிறார். நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்லுளிமங்கன். நேற்று தபால் ஆபீசில் ஒரு கடிதத் தாள் வாங்கி வந்தார். இன்று இன்னொன்று. அடுப்பில் இரண்டு காகிதம் எரிந்த சாம்பல் பார்த்தேன்.

பொறு. பண்டிகை முட்டைக்குச் சாயம் போட வேண்டும், வருகிறேன்.

மரூசா


செரிஃபோஸ்
22 ஏப்ரல் 1982

தங்கச்சி அனெசாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். நான் சுகம். மரூசா சுகம். ஸ்டமாட்டிஸும் சுகம், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்வதில்லை.

எனக்கு எழுத வராது. கை கயிற்றுக்குப் பழகினது. ஐந்தாவது தாள் இது.

அவனிடம் சொன்னது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மாட்டேன். அவன் நம்பிக்கையான ஆள் இல்லை.

திங்கட்கிழமைத் தந்தி எனக்குத் தெரியும். அடித்தவன் நான்தானே. சாயங்காலம் ஆறு மணிக்கு உன் கையில் கொடுத்தாகிவிட்டது என்று அன்றைக்கே இங்கே சொல்லிவிட்டார்கள். யாரிடமும் நான் சொன்னதில்லை, மரூசாவிடம்கூட. நான் வாசலில் என்னென்னவோ கத்தினேன், அதை மட்டும் கத்தவில்லை. அப்பா அடித்த கூத்துக்கு யாராக இருந்தாலும் தூங்கித்தான் இருப்பார்கள். நானே முதல் நாள் அவரை நம்பவில்லை, மீன் பிடிக்கப் போய்விட்டேன்.

மரூசாவுக்கு நீ எழுதுகிற கடிதங்கள் கப்பலில் இருந்து முதலில் என் கையில்தான் இறங்கும். ஒன்றையும் பிரித்ததில்லை. கையில் வைத்துக் கனம் பார்ப்பேன். கனமாக இருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்வேன். இந்தக் குளிர்காலம் எல்லாமே கனமாக வந்தது. போதாததற்கு ரினியோ வேறு, ஏதென்ஸ்காரிகள் வருகிறார்கள் என்று என்னைப் பார்த்துக் கண் அடித்தாள்.

வாசற்படியைப் பற்றி ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நானாக அதைத் திரும்ப எடுக்க எனக்கு முகம் இல்லை. ஆனால் உன் வாசற்படியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. 30 வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். திரும்பும்போது நீயும் என்னோடு வா. நான் முன்னால் ஏறி உன்னைக் கையைப் பிடித்து இழுக்கிறேன், ஊர் பார்க்கட்டும். அப்போது நம் இரண்டு பேர் வார்த்தையும் ஒரேயடியாகப் போகும்.

கப்பலைக் கட்டுகிறவனே தவிர ஏறுகிறவன் இல்லை நான். ராணுவத்துக்குப் போனபோது ஏறினது. காற்று வந்தால் வர நேரம் ஆகும். துறையில் காத்திரு. நான் உனக்குச் செய்யாததை உன்னிடம் கேட்கிறேன்.

லூகாஸ்


பிரேயஸ்
3 மே 1982

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கவலைப்படாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே வசிலிகியும் நானும் துறைக்குப் போய்விட்டோம். காற்று ஒன்பது, கப்பல் தடை என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். "வீட்டுக்குப் போயிட்டுக் காலைல வரலாம்" என்றாள் வசிலிகி. அவளைப் போகச் சொன்னேன். நான் டிக்கெட் சாவடிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். காற்று திடீரென்று விழுந்துவிட்டால்? அவன் வந்து இறங்கி ஆள் இல்லையே என்று பார்த்தால்?

சனிக்கிழமை காற்று விழுந்தது. ஆனால் மே தினம், மாலுமிகள் வேலைநிறுத்தம். இருபது வருடமாகக் கப்பல் கயிறு கட்டுகிறவன் மறுநாள் மே தினம் என்று பார்க்காமலே நாள் குறித்திருக்கிறான் பாருங்கள். வசிலிகி ரொட்டியும் போர்வையும் மே தினத்துக்குக் கட்டுகிற பூவளையம் ஒன்றும் கொண்டுவந்தாள். என்னைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலோரக் காவலன் ஒருவன் வந்து, "அம்மா, யாரையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டான். "ஆமா, இப்ப கெடைக்கப்போறாங்க" என்றாள் அவள்.

ஞாயிறு மத்தியானம் கப்பல் வந்தது. அண்ணன் எல்லாருக்கும் பின்னால், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினான். முகம் பச்சையாக இருந்தது, வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறான். இறங்கினதும் முதலில் கயிறு கட்டியிருந்த விதத்தைப் பார்த்து முகம் சுளித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். என் தலை, கசங்கிய துணி, கையிலிருந்த போர்வை எல்லாவற்றையும் பார்த்தான்.

"ரொம்ப நேரமா நிக்கிறியா?" என்றான்.

"இல்லண்ணே, இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

அவன் அழுதான் அண்ணி. துறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள், அவன் அழுதான்.

இப்போது என் அடுப்படியில் உட்கார்ந்து, பிரேயஸ் தண்ணீரில் காபி விளங்காது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

அனெசா